கருவியின் வேகமும் கணக்கின் வழியும்

அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்துவது குறித்து அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் பிரித்தானியாவும் நெடுநாள் வாதித்தபின், 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரினடியிலும் குண்டு வெடித்துப் பரிசோதித்தல் அதனால் விலக்கப்பட்டது. நிலத்தினடியில் வெடித்தல் மாத்திரம் உடன்படிக்கைக்குப் புறம்பாக நின்றுவிட்டது. ஆழ்நிலத்திலே வெடித்த குண்டொன்றை இயற்கையான பூமியதிர்ச்சியினின்றும் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் ஐயமும் அதற்கொரு காரணமாகும். பிறர் தம் நாட்டினுள் வந்து சோதிப்பதைச் சோவியத்து அரசு விரும்பவில்லை. எல்லைக்கு வெளியே அதிர்ச்சிமானிகளை நிறுவி, அவை பதியும் அலைகளை ஆராய்ந்து உண்மை காணலாமா என்று அமெரிக்க விஞ்ஞானிகள் எண்ணமிட்டனர்.

மானிகளை நிறுவுதல் எளிது. அவை பதிந்து தரும் எண்களை என்செய்வது என்பதே இடர்ப்பாடு. கோவில் வீதியிலே நாதசுரமும் தவிலும் தாளமும் ஒருங்கே ஒலிக்கும்போது, செவியை அடைவது ஒரே கலப்பு அலைதான். எனினும் கேட்போர் ஒவ்வொன்றையும் தனித்தனியே இனங்காண்கின்றனர். செவி வருந்தாமற் செய்யும் இவ்வேலையைக் கணிதத்தாற் செய்ய முற்படின், அதற்குப் பிரெஞ்சு அறிஞர் பூரியே என்பாரின் பெயரால் வழங்கும் பகுப்பு முறை உதவும். எத்துணைச் சிக்கலான அலையும் வெவ்வேறு கதியில் அசையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டே என்பது அதன் அடிப்படை. கலப்பு அலையினை அளந்த எண்கள் 1,024 இருப்பின், உள்ளே மறைந்திருக்கும் 1,024 எளிய அலைகளின் வலிமையைக் காணவேண்டும். ஒவ்வோர் அலைக்கும் 1,024 எண்களையும் ஒருமுறை பெருக்கிக் கூட்டவேண்டும். எனவே 1,024ஐ 1,024ஆற் பெருக்கவரும் தொகை, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள். அளவீடுகள் இருமடங்கானால் வேலை நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். அதிர்ச்சிமானிகளோ நாள் முழுவதும் எண்களைக் கொட்டிக்கொண்டிருப்பன. அக்காலத்து மின்கணினிகளுள் மிக விரைவானதும் அச்சுமையின்முன் திணறியது.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு கூடியிருந்த ஒரு நாள், ஐ.பி.எம். நிறுவனத்துப் பௌதிக அறிஞர் ரிச்சட் கார்வின், தம்மருகில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஜோன் டூக்கி ஏதோ கணக்கைத் தாளிற் கிறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். டூக்கி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியல் மேதை. கிறுக்கியது யாதென வினவிய கார்வினுக்குப் பூரியே பகுப்பைப் பன்மடங்கு குறைந்த உழைப்பிலே முடிக்கும் வழியொன்றை அவர் எடுத்துரைத்தார். அதன் பெறுமதியைக் கார்வின் அக்கணமே உணர்ந்துகொண்டார். தமது நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஜேம்ஸ் கூலே என்னும் இளங் கணிதரிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். குண்டுப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹீலியப் பளிங்கு ஒன்றின் காந்த அமைப்பை ஆராய்தற்கு இது வேண்டும் என்று மாத்திரம் கூறிவைத்தார். கூலேக்குத் தம் சொந்த ஆராய்ச்சியே பெரிதாயிருந்தமையால் இதனை ஓய்ந்த வேளைக்குரிய வேலையாகவே கொண்டார். கார்வின் விடாது நெருக்கியிராவிடின் அத்தாள் எங்கேனும் ஒரு மேசையறைக்குள் உறங்கியிருத்தலுங் கூடும்.

டூக்கியின் வழி சொல்லக் கேட்டால் வியப்பளிக்காது; சிறுவனுக்கும் விளங்கும். எண்களின் நீண்ட வரிசையை ஒற்றை இடத்தன, இரட்டை இடத்தன என இரு பாகமாக்குக. ஒவ்வொரு பாகத்தையும் தனியே பகுத்துப் பின்னர் இரு விடைகளையும் பொருத்துக. பாகம் ஒவ்வொன்றும் 512 எண்களே உடையதாதலின், அதற்குரிய பெருக்கல் முன்னையதில் நாலிலொரு பங்கு. இரண்டுக்குஞ் சேர்த்துப் பாதி. பொருத்தும் வேலை சிறிது கூடும், அவ்வளவே. ஒருமுறை பிரித்துப் பாதியாக்க முடியுமாயின், பிரித்ததை மீண்டும் பிரித்தால் என்ன? 512 இரண்டு 256 ஆகும்; 256 இரண்டு 128 ஆகும். இவ்வாறு பத்துப் படி இறங்கினால் ஒற்றை எண்ணே எஞ்சும். ஒவ்வொரு படியிலும் பொருத்துதற்கு ஏறத்தாழ ஆயிரம் பெருக்கல். ஆகப் பத்துப் படிக்கும் 10,240. பத்து இலட்சம் இருந்த இடத்திலே பத்தாயிரம். எளிய அலைகள் யாவும் திரும்பத் திரும்ப ஒரே நிலையை அடைவன. ஆதலால் ஓரிடத்திற் பெருக்கிய விடை வேறு பல இடங்களுக்கும் பொருந்தும். பழைய வழியிற் கணித்தோர் ஒரே பெருக்கலைத் தாமறியாமலே பன்முறை செய்துகொண்டிருந்தனர்.

கூலேயும் டூக்கியும் எழுதிய கட்டுரை 1965ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்துக் கணித இதழொன்றில் வெளிவந்தது. ஐந்து பக்க அளவினதே. ஐ.பி.எம். நிறுவனம் அம்முறையைக் காப்புரிமையாகப் பூட்டி வைக்காது எல்லார்க்கும் பொதுவாக விட்டமை பெரும் நன்மையாயிற்று.

கருவியின் வேகத்துக்கும் கணக்கின் வழிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகின்றது. செக்கனுக்கு ஓர் இலட்சம் பெருக்கல் செய்யும் கணினியொன்று இருப்பதாகக் கொள்க. பத்து இலட்சம் அளவீடுகளைப் பழைய வழியில் அது பகுத்து முடிக்க 116 நாட்கள் செல்லும். அரசாங்கம் பணத்தைக் கொட்டிப் பத்து மடங்கு விரைவான கணினியை வாங்கினாலும் பதினொன்றரை நாட்களுக்கு மேலாகும். பழைய கணினியிலேயே புதிய வழியை இட்டால் மூன்றரை நிமிடத்தில் விடை வந்துவிடும். பழைய வழியைப் பற்றி நிற்பவனுக்கு நூறு மடங்கு விரைவான கணினி கிடைத்தாலும், முன் எடுத்துக்கொண்ட அதே நேரத்திற் பத்து மடங்கு எண்களையே அவன் கையாளலாம். எஞ்சிய வேகத்தை வழி விழுங்கிவிடுகின்றது. வேலை பெருகப் பெருக, கருவி தரும் இலாபம் அப்படியே நிற்க, நல்வழி தரும் இலாபம் தானும் பெருகிச் செல்கின்றது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது.

கட்டுரை வெளிவந்த பின்னர் நடந்தது மேலும் சுவையானது. கலிபோர்ணியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வுக் கூடத்திலிருந்து ரட்னிக் என்பார் ஒரு செய்தி அனுப்பினார். இத்தகைய முறையொன்றைத் தாம் ஏற்கெனவே கணினியிற் கையாண்டு வருவதாகவும், அதனைத் தாம் கண்டுபிடிக்கவில்லை, டானியல்சன், லான்சோஸ் என்னும் இருவரது 1942ஆம் ஆண்டுக் கட்டுரையிற் கற்றுக்கொண்டதாகவும் அவர் தெரிவித்தார். அக்கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. திரவங்களினூடே எக்ஸ் கதிர் சிதறுவதை ஆராய்ந்த அவ்விருவரும், பாதி பாதியாகப் பிரிக்கும் அதே வழியைக் கையாலே கணிப்போருக்கென வகுத்திருந்தனர். எவ்வளவு நேரம் செல்லும் என்பதையும் குறித்திருந்தனர்: எட்டு எண்களாயின் 10 நிமிடம், பதினாறாயின் 25, முப்பத்திரண்டாயின் 60, அறுபத்துநான்காயின் 140 நிமிடம். பத்து நிமிடத்தில் தொடங்கி நான்கு நான்கு மடங்காக ஏறும் பழைய கணக்குப்படி அறுபத்துநான்கிற்கு 640 நிமிடம், அஃதாவது பத்து மணித்தியாலத்துக்கு மேல், சென்றிருக்கும். தாளும் பென்சிலும் கொண்டு கணித்தவர்களுக்கு அந்த எட்டு மணித்தியாலம் கண்வலியும் கைவலியுமாகும். ஆகவேதான் அவர்கள் வழியைத் தேடினர்.

அவர்களும் முதல்வர் அல்லர். ஜேர்மனியரான ருங்கே என்னும் கணிதர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதியவற்றை அவர்களே சுட்டியிருந்தனர். 1984ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் இவ்வரலாற்றை அடி வரை அகழ்ந்து வெளியிட்டபோது, அது கார்ள் பிரீட்ரிக் கௌஸ் என்னும் மாமேதையிடம் போய் முடிந்தது. 1802இலும் 1804இலும் கண்டுபிடிக்கப்பட்ட பல்லாஸ், ஜூனோ என்னும் சிறு கோள்களின் பாதையைக் கணிக்க முற்பட்ட கௌஸ், 1805ஆம் ஆண்டளவிலே, பன்னிரண்டு அளவீடுகளை நான்கு நான்காக மூன்று கூறாக்கித் தனித்தனியே கணித்துப் பின் ஒன்றுசேர்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பூரியே தமது கொள்கையைப் பாரிசு அறிஞர் கழகத்தின்முன் வைத்தது 1807ஆம் ஆண்டில். ஆகவே பகுப்புக்குப் பெயர் வருவதற்கு முன்னரே பகுப்பின் குறுக்குவழி வந்துவிட்டது. கையாற் கணிக்கும் சலிப்பை இவ்வழி வெகுவாகக் குறைக்கும், செய்து பார்ப்பவன் அறிவான் என்ற கருத்தையும் கௌஸ் இலத்தீனிற் குறித்து வைத்தார். ஆனால் அவர் அதனை அச்சிடவில்லை. அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் கழிந்து, 1866இல், தொகை நூலில் அது வெளிவந்தது. கற்றோர் அதனைப் புரட்டிச் சென்றனர்.

கருவியில்லாதவன் வழியைப் போற்றுவான் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்றும் ஒன்றுண்டு. வாரன் என்னும் படையதிகாரி 1825இற் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்னும் நூலிலே, புதுச்சேரியிற் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி வைத்து, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதிய வாய்பாடு ஒன்றும் அவர் கையில் இல்லை. எல்லாம் வாக்கியங்களாக நெஞ்சிலே இருந்தன. சந்திரனுக்கு மாத்திரம் அத்தகைய வாக்கியங்கள் 248. கிரகணம் தொடங்கும் வேளையில் அவர் கணக்குப் பிழைத்தது நான்கு நிமிடமே. நடுவிலும் முடிவிலும் பிழை கூடிற்று. ஒருமுறை கணித்ததை மறுமுறை கணியாது மனத்திலே சேமித்து வைக்கும் அவ்வுபாயத்தை இக்காலக் கணினிச் செய்நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாள்கின்றனர்.

மின்கணினிகள் தோன்றிய தொடக்கத்தில் அவற்றை ஆண்டவர்களும் இதே சிக்கனத்தோடுதான் இருந்தனர். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கத் தொடங்கிய ‘பைலட் ஏஸ்’ என்னும் கணினி, அலன் டியூரிங் வகுத்த அமைப்பிலிருந்து பிறந்தது. அதில் இருந்தவை ஏறத்தாழ எண்ணூறு வால்வுகள். கேம்பிரிட்ஜில் ஓராண்டு முந்தி இயங்கிய ‘எட்சாக்’ என்பதிலோ மூவாயிரம். எனினும் பைலட் ஏஸ் அக்காலத்து மிக விரைவான கணினிகளுள் ஒன்றாய் விளங்கிற்று. அதன் நினைவகம் பாதரசம் நிறைந்த நீண்ட குழாய்கள். எண்களும் கட்டளைகளும் ஒலித் துடிப்புக்களாக அக்குழாயினூடே ஓடி, செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை வாயிலில் வந்து தலைகாட்டும். வேண்டிய கட்டளை சற்று முன்னரே கடந்துவிட்டதாயின், அது மீண்டும் சுற்றி வரும் வரை கணினி சும்மா காத்திருக்கவேண்டும். ஆகவே செய்நிரல் எழுதியோர், ஒரு கட்டளை முடியும் அதே கணத்தில் அடுத்த கட்டளை வாயிலுக்கு வருமாறு ஒவ்வொன்றையும் குழாயில் இடம் பார்த்து வைத்தனர். மனித மூளை வருந்தியது. கருவி ஓய்வின்றி ஓடியது.

அவ்வருத்தத்துக்கும் ஒரு விலையுண்டு என்பதை மறத்தலாகாது. கணினியொன்றை நடத்துஞ் செலவிற் பெரும்பங்கு, செய்நிரல் எழுதுதற்கும் அதன் பிழைகளைக் களைதற்குமே போவதாக 1950களிலே கணக்கிட்டனர். ஐ.பி.எம். நிறுவனத்து ஜோன் பாக்கஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1957இல் வெளியிட்ட ‘போர்ட்ரான்’ மொழி அச்சுமையை இறக்கிற்று. கணித வாய்பாட்டை ஒத்த வரிகளை மனிதன் எழுத, அவற்றை இயந்திரக் கட்டளைகளாகக் கணினியே பெயர்த்துக்கொண்டது. அனுபவமிக்கோர் பலர் ஏளனஞ் செய்தனர். இயந்திரம் பெயர்ப்பது கையால் எழுதியதுபோல் விரைந்து ஓடுமா என்றனர். பாக்கஸ் குழுவினர் அவ்வேளனத்தை அஞ்சியே, பெயர்ப்பின் வேகத்துக்கு அரும்பாடுபட்டனர். எழுதவேண்டிய வரிகள் இருபதிலொன்றாகக் குறைந்தன. சிக்கனத்தைக் கைவிட்டதன்று அது. எங்கே மனிதன் வருந்தவேண்டும், எங்கே வருந்தவேண்டியதில்லை என்று வகைசெய்து கொண்டதாகும். பின்னாளில் டொனால்ட் நூத் என்னும் அறிஞர் பல போர்ட்ரான் செய்நிரல்களை அளந்து பார்த்து, ஒரு செய்நிரல் ஓடும் நேரத்திற் பாதிக்கு மேல் அதன் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த பகுதியிலேயே கழிகின்றது என 1971இற் காட்டினார். எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கிலும் வியர்வை சிந்துவது வீண் என்பதும், அந்த நான்கு பங்கு எதுவென அளந்தறியாமல் விடுவது பெரும் பிழை என்பதும் அதனாற் பெறப்படும். முன்னதை மாத்திரம் பலர் நினைவில் வைத்துக்கொண்டனர்.

அவர்கள் அங்ஙனம் மறந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. கூலேயும் டூக்கியும் கட்டுரை வெளியிட்ட அதே 1965 ஏப்பிரில் மாதத்தில், கோடன் மூர் என்பார் வேறோர் இதழில் ஓர் ஆரூடம் கூறினார். ஒரு சிறு சிலிக்கன் சில்லிலே அடக்கத்தகும் உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்பதும், பத்தாண்டில் 65,000 ஆகும் என்பதும் அவர் வாக்கு. 1975இல் அதனை இரண்டாண்டுக்கொருமுறை இருமடங்கு எனத் திருத்திக்கொண்டார். வாக்குப் பலித்தது. 1971இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் முதல் நுண்செயலிச் சில்லில் 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன; அதன் துடிப்புச் செக்கனுக்கு ஏழரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2004இல் அத்துடிப்பு 380 கோடியை எட்டிற்று. இவ்வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மந்தமான செய்நிரலை எழுதியவன் திருத்த முயலாமல் ஈராண்டு பொறுத்திருந்தாற் போதும்; புதிய கணினி அவன் குற்றத்தை மறைத்துவிடும்.

இது கண்டு மனம் வெதும்பியவர்களுள் சுவிற்சலாந்துப் பேராசிரியர் நிக்லவுஸ் விர்த் ஒருவர். ‘பாஸ்கல்’ என்னும் கணினி மொழியை ஆக்கியவர் அவர். முன்பு 8,000 பைட் இடத்தில் எழுத்துத் திருத்தும் செய்நிரலொன்றை அமைக்க முடிந்ததென்றும், பின்வந்தவை நூறு மடங்கு இடங்கேட்கின்றன என்றும் 1995இல் எழுதினார். செய்தும் காட்டினார்: தாமும் நண்பர் ஒருவருமாக இருவரே அமர்ந்து, ‘ஒபரன்’ என்னும் முழுமையான இயக்க முறைமையொன்றைச் சிறிய அளவில் ஆக்கி முடித்தார். புகழ்ந்தவர் பலர், பின்பற்றியவர் சிலரே. வெள்ளம் வற்றாதிருக்கும்போது வாய்க்காலைச் செப்பனிட எவர் முன்வருவர்?

வெள்ளம் 2004ஆம் ஆண்டிற் தடைப்பட்டது. திரான்சிஸ்டர்கள் சிறுத்தன, ஆனால் அவற்றுக்கு ஊட்டும் மின்னழுத்தத்தை அதற்கேற்பக் குறைக்க இயலவில்லை, வெப்பம் தாங்கொணாததாயிற்று. செக்கனுக்கு 400 கோடி துடிக்கும் சில்லை வெளியிடும் எண்ணத்தை இன்டெல் நிறுவனம் அவ்வாண்டே கைவிட்டது. அதன்பின் ஒரு சில்லிலே பல கணிக்கும் அலகுகளை வைக்கும் வழக்கம் பரவிற்று. பழைய செய்நிரலை அவ்வாறே விட்டு வைத்தால் அலகுகளுள் ஒன்றே வேலை செய்யும். மற்றவை வேடிக்கை பார்க்கும்.

2020ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து அறிஞர் சிலர் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டனர். நிரைக்கு 4,096 எண்களாக 4,096 நிரைகள் கொண்ட இரு சதுர அணிகளைப் பெருக்குவதே அது. எழுதுதற்கு மிக எளிதான ‘பைதன்’ மொழியில் நேராக எழுதிய செய்நிரல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் ஓடியது. அதனையே ‘சீ’ மொழியில் எழுதினால் 47 மடங்கு விரைந்தது. பின்னர் வேலையை எல்லா அலகுகளுக்கும் பங்கிட்டு, எண்கள் நினைவகத்திலிருந்து வரும் ஒழுங்கைச் சில்லின் அமைப்புக்கு இசைவித்து, சிறிது சிறிதாகத் திருத்திச் சென்றனர். முடிவில் அது செக்கனிற் பாதிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்தது. அறுபதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேகம். கணினி தொடக்கத்தில் இருந்த அதே கணினிதான். பாதரசக் குழாய்களினருகே நின்று கட்டளைக்கு இடம் பார்த்த பழைய மனிதர் கண்டிருந்தால், இவ்வேலை இன்னதென உடனே இனங்கண்டிருப்பர்.

பூரியே பகுப்பின் குறுக்குவழி அதிர்ச்சிமானிகளோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனையிலே காந்தப் புலத்தால் உடலினுள்ளே படம்பிடிக்கும் பொறி, நோயாளி படுத்திருக்கும்போதே படத்தைத் தருவது அதனால். கையடக்கத் தொலைபேசியும் அதனைக் கொண்டே பேச்சை வாங்குகின்றது. வானொலி கேட்போர்க்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. ஐரோப்பாவிற் பரவிய எண்முறை வானொலியில், ஒலிபரப்பு நிலையம் ஒரே அலைத்தடத்தினுள் 1,536 நுண்ணிய அலைகளை ஒருங்கே அனுப்புகின்றது. வானொலிப் பெட்டி அவற்றை வேறுபிரித்தற்கு 2,048 எண்களைக் கொண்ட பகுப்பொன்றைச் செக்கனுக்கு ஏறத்தாழ 800 தடவை செய்யவேண்டும். பழைய வழியிலாயின் செக்கனுக்கு 335 கோடி பெருக்கல் வேண்டும். 2,048ஐப் பாதி பாதியாகப் பதினொரு படி பிரித்துச் செய்வதால், அது ஒரு கோடியே எண்பது இலட்சத்தில் அடங்கிவிடுகின்றது. அதனாலேயே அப்பெட்டி சட்டைப் பையில் அடங்குமளவு சிறியதாய், இரண்டு சிறு மின்கலங்களோடு, சூடேறாமல் நாள் முழுவதும் பாடிக்கொண்டிருக்கின்றது.